விட்டவாசல்

போன மாதம் மதுரைக்குப் போயிருந்தேன். எங்கள் தாத்தா கட்டிய வீட்டை விற்றுக் கையெழுத்துப் போடுவதற்காக. வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பத்திரப் பதிவு என்று சொல்லியிருந்தார்கள். முந்தின நாளே போய்விட்டேன்.

வீடு தெற்கு மாரட் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது. முகப்பு பதினான்கு அடிதான். உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். திண்ணை, ரேழி, பட்டாசாலை, முற்றம், அடுப்படி, கொல்லைப்புறம், கடைசியில் ஒரு கிணறு. நான்கு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடு. மச்சில் ஒரு விட்டக்கட்டையைக் கரையான் தின்றுவிட்டது. சரி செய்யக் கூலி கேட்டால் தலை சுற்றியது. தம்பி வெளிநாட்டில் இருக்கிறான், வரப்போவதில்லை. தங்கைக்கு வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது. அவளுக்குப் பங்கு வந்தாக வேண்டும். வாங்குகிறவர் ஜவுளி வியாபாரி. இடித்துவிட்டுக் கடையும் குடோனும் கட்டப் போகிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நியாயமான விலைதான் கொடுத்தார்.

துணைக்குத் தங்கை மகன் வந்திருந்தான். சிவில் படித்தவன், சிறு கட்டடங்கள் எடுத்துக் கட்டித் தருகிறான். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மணி நான்குகூட ஆகவில்லை.

"என்ன மாமா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? இங்கயே உக்காந்திருந்தா மனசு கஷ்டமாத்தான் இருக்கும். வாங்க, ஒரு நடை போய்ட்டு வருவோம்" என்றான்.

"எங்கடா போறது மாப்ள?"

"நீங்கதான் சொல்லணும். பொறந்து வளர்ந்தது நீங்க. நான் லீவுக்கு வந்து போனவன்."

அப்படித்தான் அந்த நடை தொடங்கியது.

நான் நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருடம் சர்வேயராக இருந்தவன் என்று இங்கே வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே வாசற்படியை விட்டு இறங்கியதும் எங்கள் வீதியிலிருந்தே ஆரம்பித்தேன்.

"மாரட் வீதின்னா என்னன்னு தெரியுமா?"

"ஏதோ வெள்ளைக்காரன் பேரு."

"சர்வேயர் பேரு. எங்க ஜாதி."

அவன் சிரித்தான். ஆனால் விஷயம் உண்மைதான். பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் மதுரையைச் சுற்றி ஒரு பெரிய கோட்டை கட்டினார். இரட்டை மதில், வெளியே அகழி, 72 கொத்தளங்கள். ஒவ்வொரு கொத்தளமும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்று சொல்வார்கள். அந்தக் கோட்டைக்குள்தான் சுமார் முந்நூறு வருடம் ஊர் மூச்சு முட்டிக்கொண்டு இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் கோட்டைக்கு வேலை இல்லை. அகழியில் தண்ணீர் தேங்கி நாறியது, காய்ச்சல் பரவியது. அப்போது கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், 1840-களில் மதிலை இடிக்க ஏற்பாடு செய்தார். அதற்கு அவர் பிடித்த வழி கெட்டிக்காரத்தனமானது. மதிலை இடித்து, அந்தக் கல்லையும் மண்ணையும் போட்டு அகழியை யார் மூடுகிறார்களோ, அப்படிக் கிடைக்கும் மனை அவர்களுக்கு. சர்க்கார் காசு அதிகம் செலவில்லாமல் கோட்டை போயிற்று, அகழியும் போயிற்று.

அந்த வேலையை அளந்து கொடுத்த சர்வேயர் மாரட். மேற்பார்வை பார்த்தவர் பெருமாள் மேஸ்திரி. கோட்டை இருந்த இடத்தில் போட்ட புது வீதிகளுக்கு மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று பெயர் வைத்தார்கள். கோட்டைக்கு வெளியே அமைந்தவை வெளி வீதிகள். ஒரு சர்வேயருக்கும் ஒரு மேஸ்திரிக்கும் வீதி இருக்கிற ஊர் வேறு எங்கே இருக்கிறது? நான் அளந்த ஊர்களில் எனக்கு ஒரு முட்டுச்சந்துகூட வைக்கவில்லை.

"அப்ப நம்ம வீடு இருக்கிறது...?"

"அகழி மேல. இல்லாட்டி மதில் மேல. தாத்தா கிணறு வெட்டினப்ப பத்துப் பன்னிரண்டு அடிக்கு உடைஞ்ச செங்கலும் காரையுமாவே வந்துச்சாம். அதுக்கப்புறம்தான் மண்ணே வந்துச்சுன்னு அப்பத்தா சொல்லும்."

அவன் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். இடித்ததன் மேல் கட்டிய வீட்டை நாளைக்கு இடிக்கக் கொடுக்கப் போகிறோம் என்பது அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

முதலில் மஹாலுக்குப் போனோம். ஐந்து மணிக்குச் சாத்திவிடுவார்கள் என்பதால் வேகமாக நடந்தோம். திருமலை நாயக்கர் மஹால் எனக்குச் சுற்றுலாத் தலம் இல்லை. என் அப்பா வேலை பார்த்த இடம்.

இளையவர்களுக்கு இது தெரியாது. 1970 வரைக்கும் ஜில்லா கோர்ட் அந்த மஹாலுக்குள்தான் நடந்தது. அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பள்ளிக்கூடம் விடுமுறை என்றால் மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு நான்தான் போவேன். கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல்கள் அந்தப் பெருந்தூண்களுக்கு நடுவே எறும்பு மாதிரி தெரிவார்கள். ஒரு தூணை நாங்கள் நான்கைந்து பையன்கள் கைகோத்துத்தான் கட்டிப்பிடிக்க முடியும். அப்பா ஒரு தூணடியில் காகிதக்கட்டைத் தலைக்கு வைத்து ஐந்து நிமிடம் கண்ணயர்வார். எத்தனை வெயில் அடித்தாலும் அந்தத் தூணடியில் குளிர்ச்சியாக இருக்கும்.

மருமகன் தூண்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். மொத்தம் 248 தூண்கள். 1636-இல் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான், மேலே கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பளபளப்பு. ஓர் இத்தாலியர் வடிவமைத்தார் என்று சொல்வதுண்டு. வளைவுகளில் நம் ஊர் யாளியும் இருக்கிறது, வடக்கத்தி முஸ்லிம் கட்டடங்களின் சாயலும் இருக்கிறது.

"இவ்வளவு பெரிய கூரைக்கு உள்ள ஒரு கம்பிகூட இல்ல. இன்னிக்கு நான் இதை வரைஞ்சு கொண்டு போனா, பிளான் அப்ரூவல் கொடுக்க மாட்டாங்க மாமா" என்றான்.

"நீ பாக்குறது மீதி. அன்னிக்கு இருந்ததுல நாலுல ஒரு பங்குதான்."

"மத்தது வெள்ளைக்காரன் இடிச்சதா?"

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இடித்தவர் வெள்ளைக்காரர் இல்லை. திருமலை நாயக்கரின் சொந்தப் பேரன் சொக்கநாத நாயக்கர். தாத்தா 1659-இல் கண்ணை மூடினார். அந்த வருடமே பட்டத்துக்கு வந்த பேரன் சில வருடங்களில் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார். அங்கே தனக்கு அரண்மனை வேண்டும் என்று, தாத்தா ஆசை ஆசையாகக் கட்டிய அரண்மனையைப் பிரித்து, வேலைப்பாடுள்ள பொருட்களை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போனார். திருச்சியில் இன்று ராணி மங்கம்மாள் மஹால் என்று சொல்கிறோமே, அந்தத் தர்பார் மண்டபம் அவர் கட்டியதுதான். மங்கம்மாள் அவருடைய மனைவி.

இதைச் சொல்லி முடித்ததும் நானும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தாத்தா கட்டினார், பேரன் இடித்தார். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கதை என் சட்டைப் பையில் இருக்கிற ஆதார் அட்டை வரைக்கும் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

மிச்சம் இருந்ததும் மழையிலும் வெயிலிலும் கிடந்து சிதைந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுதான் இது முழுக்க விழுவதற்குள் செப்பனிட உத்தரவு போட்டார். சென்னையில் பல கட்டடங்கள் கட்டிய சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் அந்த வேலையில் இருந்தார். பிறகு கோர்ட்டும் கச்சேரியும் உள்ளே வந்தன. ஆள் புழங்கியதால் கட்டடம் பிழைத்தது என்பது என் எண்ணம். புழங்காத வீடு எப்படி ஆகும் என்பதற்கு எங்கள் மச்சின் விட்டக்கட்டையே சாட்சி.

அப்பா தூங்கும் தூணைத் தேடினேன். எல்லாத் தூணும் ஒரே மாதிரி இருந்தது. ஏதோ ஒன்றில் கையை வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

அடுத்தது பத்துத்தூண் சந்து. பெயர் தெரிந்தவர்கள் பலர், நிமிர்ந்து பார்த்தவர்கள் சிலர். இரண்டு பக்கமும் ஜவுளிக்கடை. சேலை மூட்டை, தள்ளுவண்டி, மோட்டார் சைக்கிள். இவற்றுக்கு நடுவே வரிசையாகப் பெரிய தூண்கள். மேலே கூரை கிடையாது. எதையும் தாங்காமல் சும்மா நிற்கின்றன. திருமலை நாயக்கர் அரண்மனையின் இன்னொரு பகுதியான ரங்கவிலாசத்தில் மிஞ்சியது இவ்வளவுதான் என்பார்கள். மஹாலுக்கும் இந்தச் சந்துக்கும் இடையே இத்தனை வீதியும் வீடும் இருக்கிறதே, அதை மனதுக்குள் அழித்துவிட்டுப் பாருங்கள். அப்போதுதான் பழைய அரண்மனையின் அளவு புரியும். சர்வேயர் புத்திக்கு இது நன்றாகவே புரிந்தது. இரண்டு கல் கிடைத்தால் எல்லை போட்டுவிடலாம்.

சந்திலிருந்து வெளியே வந்தால் விளக்குத்தூண். மாசி வீதிகள் சந்திக்கும் மூலையில் நிற்கிறது. நான் சொன்ன அதே கலெக்டர் பிளாக்பர்னுக்கு ஊர் மக்கள் நன்றிக்கு வைத்த தூண். கோட்டையை இடித்தவருக்குக் கோபப்படாமல் விளக்கு வைத்தார்கள் பாருங்கள்! காற்று வந்தது, நோய் குறைந்தது, மனை கிடைத்தது. அவர்களுக்கு அது போதும். பக்கத்தில் ஒரு கடையில் ஆளுக்கு ஒரு ஜிகர்தண்டா சாப்பிட்டோம். எனக்குச் சர்க்கரை உண்டு. இதை என் மகள் படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.

"மாமா, ஒண்ணு கேக்குறேன். இவ்வளவு தெரிஞ்சவங்க நீங்க. வீட்டை இடிக்கிறது உங்களுக்குத் தப்பாத் தெரியுதா?" என்று கேட்டான்.

உடனே பதில் சொல்ல வரவில்லை. வேறு ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் இருக்கும். ஒரு சிற்றூரில் சாலையை அகலப்படுத்த ஆக்கிரமிப்பு அளக்கப் போனேன். எந்த ஊர் என்று வேண்டாம். வரைபடத்தை வைத்து, டேப் பிடித்து, வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் அடையாளம் போட்டுக்கொண்டே வந்தோம். ஒரு வீட்டில் திண்ணை முழுக்கக் கோட்டுக்கு வெளியே வந்தது. ஒரு பாட்டி வெளியே வந்து, "அய்யா, மூணு அடி தள்ளிக் கோடு போடக்கூடாதா? எங்க வீட்டுக்காரர் உக்காந்திருந்த திண்ணை. அதை மட்டும் விட்டுருங்கய்யா" என்று கேட்டது. நான் சட்டப்படி பேசினேன். "அளவு என்ன சொல்லுதோ அதுதான் பாட்டி, என் கையில ஒண்ணுமில்ல" என்றேன். அது உண்மைதான். மூன்றடி தள்ளிக் கோடு போட எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அந்தத் திண்ணையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, அதை என் அளவைக் குறிப்பிலாவது வரைந்திருக்கலாம். கோட்டுக்கு வெளியே இருந்ததால் வரையவில்லை. அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது திண்ணை இல்லை. பாட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை.

மருமகனிடம் இதைச் சொன்னேன். "இடிக்கிறது தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியலடா. எதை விட்டோம்கிறதுதான் உறுத்துது" என்றேன்.

கீழமாசி வீதி வழியாக வடக்கே நடந்தோம். மதுரை வீதிகளின் பெயரே ஒரு வேடிக்கை. கோயிலுக்குள்ளே ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, அதற்கடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி வீதி. ஆனால் சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார். விழா நகர்ந்தது, வீதியின் பெயர் நகரவில்லை. கீழவாசல், தெற்குவாசல் என்கிறோம். வாசலும் இல்லை, கோட்டையும் இல்லை. பஸ் கண்டக்டர் மட்டும் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ராயகோபுரத்துக்கு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. இது திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமல் விட்ட கோபுரம். அடித்தளத்தைப் பார்த்தாலே தெரியும், முடிந்திருந்தால் கோயிலின் மற்றக் கோபுரங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டிருக்கும். ஒற்றைக்கல் நிலைகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. எங்களுக்கு அது பாத்திரம் வாங்கும் இடம். தங்கை கல்யாணத்துக்கு அண்டா குண்டா வாங்கியது அந்தப் பக்கத்துக் கடைகளில்தான். அரைகுறையாய் நின்ற கோபுரத்தையும் ஊர் வீணாக்கவில்லை.

எதிரே புதுமண்டபம். பெயர்தான் புது. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. நான்கு வரிசையில் 124 தூண்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்கப் பள்ளம், கோடையில் மண்டபம் குளிர்ந்திருக்க. உள்ளே நாயக்க மன்னர்களின் சிலைகள் வரிசையாக உண்டு, திருமலையும் நிற்கிறார். என் தலைமுறைக்கு அங்கே சிலை தெரியாது, தையல் மிஷின்தான் தெரியும். தூணுக்குத் தூண் தையல்காரர்கள், வளையல் கடை, பித்தளைக் கடை, புத்தகக் கடை. எட்டாம் வகுப்புக்குக் கோனார் நோட்ஸ் அங்கேதான் வாங்கினேன். யூனிபார்ம் டவுசரும் அங்கே தைத்ததுதான். சில வருடங்களுக்கு முன் அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். மண்டபத்துக்கு நல்லது. சிற்பங்கள் மூச்சு விடுகின்றன. ஆனாலும் மிஷின் சத்தம் இல்லாத புதுமண்டபம் எனக்குப் பழக்கமில்லாத வீடு மாதிரி இருந்தது. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டுமே மதுரைதான்.

கிழக்குச் சித்திரை வீதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் கல் பாவியிருக்கிறார்கள். வண்டி வராததால் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். சுற்றிலும் கட்டடங்களைக் காட்டி மருமகன் சொன்னான்: "கோயிலைச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்குள்ள ஒம்பது மீட்டருக்கு மேல கட்டக்கூடாது மாமா. அந்த விதி இல்லேன்னா இப்ப நீங்க கோபுரத்தைப் பாக்க முடியாது, கண்ணாடிக் கட்டடத்தைத்தான் பாத்துட்டு இருப்பீங்க." உண்மைதான். எல்லா வீடும் அடியோடு மாறிவிட்டது. ஆனால் தலை தூக்கினால் கோபுரம் தெரிகிறது. யாரோ ஓர் எல்லை போட்டார்கள், அது நிற்கிறது.

கடைசியாக அம்மன் சன்னதித் தெரு வழியாகக் கிழக்கே நடந்தோம். கொஞ்ச தூரத்தில் தெருவுக்குக் குறுக்கே ஒரு கல் வாசல். கீழேயே ஆட்டோ போகிறது, ஆள் போகிறது, பூக்காரம்மா போகிறது. ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானும் பள்ளிக்கூடம் போகும்போது ஆயிரம் தடவை அதற்குள் புகுந்து போனவன்தான்.

"இது பேரு என்ன தெரியுமா மாப்ள? விட்டவாசல்."

விசுவநாத நாயக்கர் பெரிய கோட்டை கட்டினார் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு முன்னால் இங்கே பாண்டியர்களின் சின்னக் கோட்டை இருந்தது. புதிதாகக் கட்டப் பழையதை இடித்தார்கள். அப்போது கிழக்கு வாசலை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். அதனால் விட்டவாசல். யார் விடச் சொன்னார்கள், எதற்காக விட்டார்கள் என்று பெயர் சொல்லவில்லை. 'விட்டார்கள்' என்பதை மட்டும் சொல்கிறது. பாண்டியர் கோட்டையை நாயக்கர் இடித்தார். நாயக்கர் அரண்மனையைப் பேரன் இடித்தார். நாயக்கர் கோட்டையைக் கலெக்டர் இடித்தார். ஒவ்வொருவரும் இடித்தார்கள், ஒவ்வொருவரிடமிருந்தும் ஏதோ ஒன்று மிஞ்சியது. ஒரு வாசல், பத்துத் தூண், ஒரு வீதிப் பெயர். நாம் பழைய மதுரை என்று சொல்லிக்கொள்வதெல்லாம் அந்த மிச்சங்கள்தான்.

வாசலின் கல்லில் சாய்ந்து நின்றபடி மருமகனிடம் கேட்டேன். "டேப் கொண்டு வந்திருக்கியா?"

"வண்டியில கிடக்கும். எதுக்கு?"

"வீட்டுக்குப் போவோம். அளக்கணும்."

ஆட்டோ பிடித்து வீடு வந்தபோது மணி எட்டு. கரண்ட் இணைப்பு இருந்தது, இரண்டு பல்பு எரிந்தது. அவன் டேப்பின் நுனியைப் பிடித்தான், நான் எழுதினேன். முப்பத்து மூன்று வருடம் ஊரார் நிலத்தை அளந்தவன், எங்கள் வீட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாக அளந்தேன். திண்ணை இரண்டே முக்கால் அடி அகலம். முற்றம் ஒன்பதுக்கு ஏழு. பட்டாசாலையின் நான்கு மரத்தூணும் ஒரே இடைவெளியில் இல்லை, மேற்குப் பக்கம் நாலு அங்குலம் கூடுதல். அது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த இடைவெளியில்தான் அப்பத்தாவின் தொட்டில் கட்டும் கொக்கி இருக்கிறது. தாத்தா தூணைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார். அளந்திருக்காவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

கடைசியில் கிணறு. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினோம். இருபத்தேழு அடியில் தண்ணீர். கோடையிலும் தண்ணீர்!

"மாமா, இதை மட்டும் மூடாம இருக்கச் சொல்லுவோமா?" என்று அவனாகக் கேட்டான். "மழைநீர் சேகரிப்பு எப்படியும் கட்டாயம் பண்ணணும். இருக்கிற கிணத்தைக் குப்பை போட்டு மூடிட்டுப் பக்கத்துலயே புதுசா ஒரு குழி தோண்டுறதுக்கு, மொட்டைமாடித் தண்ணியை இதுக்குள்ளயே விடலாம். மேல ஸ்லாப் போட்டா இடமும் போகாது. செலவு மிச்சம்னு சொன்னா வியாபாரிக்குப் புரியும்."

அகழியை மூடிய மண்ணில் வெட்டிய கிணறு. அதையும் மூடிவிட்டால் அந்த இடத்தில் தண்ணீர் இருந்ததற்கு அடையாளமே இருக்காது.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் காத்திருந்தபோது வாங்குகிறவரிடம் பேசினோம். நான் கோட்டை, அகழி என்று ஆரம்பித்தேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். மருமகன் செலவுக் கணக்கைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இஞ்சினியரைக் கேட்டுச் சொல்றேன் சார். தண்ணி இருக்குன்னா எதுக்கு மூடப் போறேன்?" என்றார். பத்திரத்தில் அதெல்லாம் எழுத முடியாது. வாய்வார்த்தைதான். பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய்க் கையெழுத்தும் கைரேகையும் வைத்தேன்.

ஊருக்கு வந்து நாலு நாள் உட்கார்ந்து வீட்டின் வரைபடத்தை அளவுத்திட்டம் போட்டு வரைந்து முடித்தேன். கண் முன்னைப் போல இல்லை, ஆனாலும் கோடு நேராகத்தான் வந்தது. தொட்டில் கொக்கியைக் குறித்திருக்கிறேன், கிணற்றின் ஆழத்தையும் எழுதியிருக்கிறேன். நான்கு நகல். தம்பிக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான்காவதை வாங்கியவருக்குத் தபாலில் அனுப்பினேன். கிணறு இருக்கும் இடத்தில் ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் 'இதை விட்டுவிடவும்' என்று எழுதி.

வீட்டை இடிக்க ஆரம்பித்துவிட்டதாக மருமகன் சொன்னான். கிணறு பக்கம் இன்னும் வரவில்லையாம்.

உங்களில் பலருக்கு இப்படி ஒரு வீடு இருக்கும். விற்காதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கையெழுத்துக்கு முந்தின நாள் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். நுனியைப் பிடிக்க ஒரு சின்னப் பையனைக் கூட்டிக்கொள்ளுங்கள்.